நிற்காததும் ஒரு சாட்சியா?

உறையின்மேல் "ஆனைக்கரை" என்று மட்டும் எழுதி அஞ்சற்பெட்டியில் இட்டால் அக்கடிதம் எங்கே போய்ச் சேரும்? அப்பெயர் பூண்ட ஊர் கேரளத்தில் ஒன்று மட்டும் அன்று. பாலக்காட்டு மாவட்டத்தில் பட்டாம்பி வட்டத்தில் ஓர் ஆனைக்கரை இருக்கின்றது. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக வீற்றிருந்த அம்மு சுவாமிநாதன் அம்மையாரின் குடும்பத்தார் அவ்வூரினர். இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து மூணாற்றுக்குச் செல்லும் வழியில், ஏலத் தோட்டங்களின் நடுவே மற்றோர் ஆனைக்கரை இருக்கின்றது. அதற்கு அண்மையிலுள்ள செல்லார்கோவில் மேட்டில் நின்று நோக்கினால் தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். மாவட்டத்தின் பெயரும் அஞ்சல் குறியெண்ணும் உடன் வந்தால்தான் ஊர் இன்னதெனத் தெளியும்.

ஊர்ப்பெயருக்கே இந்நிலை எனில் எல்லையில் வழங்கும் சொற்களைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ? நாம் வெள்ளம் என்றால் கரை உடைந்து வருவது. மலையாளத்தார் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். நமக்கு அவசரம் என்பது விரைவு. அவர்களுக்கு அவசரம் என்பது வாய்ப்பு. மேடையில் பேசிவிட்டு இறங்கிய தமிழன்பர் ஒருவரிடம் மலையாள நண்பர் வந்து, "தங்கள் சம்சாரம் நன்றாயிருந்தது" என்று பாராட்டினால் அன்பர் திகைத்துப் போவார். அவர் பாராட்டியது பேச்சை. சொல் ஒன்றே, பொருளைத் தருவது அது நிற்கும் மொழி.

எல்லைப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதனைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை. ஆயினும் இத்திங்கள் இதனை நினைவூட்ட நேர்ந்தது இளைஞர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தால். இடுக்கி ஆனைக்கரையிலிருந்து வெளியூர் சென்று கணினி நிரல் எழுதும் தொழிலில் அமர்ந்திருப்பவர் அவர். நம் குடும்பங்களில் இத்தொழிலை மேற்கொண்ட பிள்ளைகள் இன்று பலராதலின், அவர் எழுதிய செய்தி எல்லோர்க்கும் பயன்படும் என்று கருதி ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

ஏலக்காய்க்கு ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலம் கேரளத்துப் புற்றடியிலும் தமிழ்நாட்டுப் போடிநாயக்கனூரிலும் நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். அவ்வாறு விற்ற சரக்குக்குச் சிறு விவசாயிகளின் கணக்கைத் தீர்த்துத் தரும் வணிக நிலையம் ஒன்றின் நிரலைப் பழுது பார்க்கும் வேலை நம் இளைஞருக்குக் கிடைத்தது. 417ஆம் சீட்டுக்குரிய விவசாயி, தமக்கு உரியதல்லாத கழிவொன்று தம் கணக்கில் ஏறியிருப்பதாக முறையிட்டார். மொத்தக் கணக்கோ காசு பிசகாமல் சரியாக நின்றது. ஆகலின் நிலையத்தார், சீட்டுகளைப் பதிந்த பெண் எண்ணை மாற்றிப் பதிந்திருக்க வேண்டும் என்று எண்ணினர். உண்மை காணும் பொறுப்பு இளைஞர் தலையில் விழுந்தது.

அவர் செய்த சோதனையை விளங்கிக்கொள்ளச் சில செய்திகளை முதலில் அறிதல் வேண்டும்.

அந்நிரல் ஒரு மொழியில் எழுதப்பட்டதன்று. மேலே சீட்டுகளைப் படிப்பது பைத்தான். 1991இல் கைடோ வான் ராஸம் வெளியிட்ட மொழி அது. அடியில் கணக்கிடுவது ஃபோர்ட்ரான், 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் அளித்த மூத்த மொழி. இவ்விரண்டிற்கும் நடுவே பாலமாக நிற்பது பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி ஆக்கிய சி மொழி. இப்பாலத்தை மனிதர் கையால் எழுத வேண்டுவதில்லை. நம்பை என்னும் நூலகத்தோடு வரும் எஃப்-டூ-பை என்னும் கருவி தானே எழுதித் தந்துவிடும். இத்தகைய கலப்பு நிரல்கள் உலகெங்கும் உள்ளன. நன்றாக ஓடும் பழைய கணக்கைக் கலைத்துப் புதிதாக எழுத யாரும் விரும்புவதில்லை. பழைய வீட்டின் அடித்தளத்தின்மேல் புதிய மாடி எழுப்புவது போல்வதே இது.

ஓடும் நிரலை இடையில் நிறுத்திப் பார்ப்பதற்குப் பிழைதேடும் கருவிகள் உண்டு. அவற்றுள் பெயர் பெற்றது ஜிடிபி. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதனை எழுதினார். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறநிலையத்தைத் தொடங்கி வைக்க 2001இல் திருவனந்தபுரத்திற்கு வந்தவரும் அவரே. குறித்த வரியில் நிரலை நிற்கச் செய்வதைப் பிரேக்பாயிண்ட் என்பர். நாம் நிறுத்தம் என்போம். ஒரே வரி பல்லாயிரம் தடவை ஓடுமாயின் ஒவ்வொரு தடவையும் நின்று பார்ப்பது இயலாது. எனவே, "இன்னது உண்மையானால் மட்டும் நில்" என்று நிபந்தனை விதிப்பர். எல்லைச் சோதனைச் சாவடியில் எல்லா வண்டிகளையும் மறிக்காமல், குறித்த எண்ணுடைய வண்டியை மட்டும் மறிக்கும் காவலரைப் போன்றது இந்த நிபந்தனை நிறுத்தம்.

நிற்க. நம் இளைஞர் பாலத்தின்மேல் நிறுத்தம் வைத்து, சீட்டெண் 417 ஆனால் நில் என்று நிபந்தனை விதித்தார். நிரலை ஓடவிட்டார். அது ஓரிடத்தும் நில்லாமல் ஓடி முடிந்தது. "417 என்னும் சீட்டு கணக்குப் பகுதிக்கு வரவேயில்லை, பிழை பதிந்த இடத்திலேதான்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். பழி அப்பெண்ணின்மேல் ஏறியது. அவள் மறுத்தாள், மறுப்பைக் கேட்பார் இல்லை.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் அறிக்கையைப் படித்துவிட்டு, "தம்பி, அது நிற்கவில்லை என்பது சரி. அதற்கு நிற்கத் தெரியுமா என்று பார்த்தாயா?" என்று கேட்டாராம். இக்கேள்வியே இக்கட்டுரைக்கு உயிர்.

இருவரும் அமர்ந்து, ஐயத்திற்கிடமின்றிக் கணக்கிற்குள் சென்று திரும்பியதென்று தெரிந்த 5ஆம் சீட்டின் எண்ணை அதே நிபந்தனையில் இட்டுப் பார்த்தனர். அப்போதும் நிரல் நிற்கவில்லை. காவலருக்குக் கண் இல்லை என்பது தெரிந்தது. காரணம் யாதெனில், அந்தப் பாலத்தில் சீட்டெண்ணுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பைத்தானிலிருந்து வந்து சேர்ந்த வடிவம் ஒன்று. அதனைப் பிரித்து எடுத்த சி மொழி எண் மற்றொன்று. முதல் வடிவம் எண்ணே அன்று. எண் வைக்கப்பட்டுள்ள பெட்டியின் முகவரி. முகவரியை 417 என்னும் எண்ணோடு ஒப்பிட்டால் அவை என்றுமே ஒத்துவரா. ஜிடிபி இதனைத் தவறென்று சொல்லாது. கேட்டதைச் செய்துவிட்டு மௌனமாக இருக்கும். வீட்டுக் கதவெண்ணை வீட்டுக்காரரின் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்த கதைதான் இது.

நிபந்தனையை இரண்டாவது வடிவத்தின்மேல் மாற்றி வைத்தவுடன் நிரல் 417இல் நின்றது, உண்மையும் வெளிப்பட்டது. பைத்தானும் சி மொழியும் வரிசையைச் சுழியிலிருந்து எண்ணுவன. ஃபோர்ட்ரான் வழக்கமாக ஒன்றிலிருந்து எண்ணுவது. பைத்தானில் 417ஆம் இடம் என்பது 418ஆவது சீட்டு. அவ்வெண் மாற்றப்படாமல் அப்படியே ஃபோர்ட்ரானுக்குச் சென்றது. அது தன் வழக்கப்படி 417ஆவது சீட்டில் கழிவை ஏற்றிவிட்டது. அடுத்தவருக்கு உரிய கழிவு இவர் தலையில் விழுந்தது. கழிவின் தொகை மாறவில்லை, ஆள்தான் மாறினார். ஆதலால்தான் மொத்தம் சரியாக நின்றது. பதிந்த பெண்ணின் எழுத்தில் ஓர் எண்கூடப் பிழையில்லை.

"நான் நேரில் சென்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அறிக்கையையும் திருத்தி எழுதினேன்" என்று இளைஞர் முடித்திருக்கின்றார். அவருடைய நேர்மையைப் பாராட்டுகின்றோம். ஆயினும் அவருக்கு நேர்ந்தது நம் பிள்ளைகள் வேறெவர்க்கும் நேராதிருக்க வேண்டுமன்றோ? ஆகலின் கலப்பு நிரலில் நிபந்தனை விதிப்போர் அறிய வேண்டியவற்றைச் சற்று விரித்துரைப்போம்.

முதலாவது, குறிகள். சி மொழியில் இரண்டு சமக்குறிகளை இட்டால் "ஒத்திருக்கின்றதா?" என்பது கேள்வி. ஒரே சமக்குறியை இட்டால் அது கேள்வி அன்று. "இவ்வெண்ணை இங்கே வை" என்னும் கட்டளை. பாஸ்கல் மொழியிலோ ஒற்றைச் சமக்குறியே ஒப்பிடும் கேள்வி. பாஸ்கலில் பழகிய கை சி பகுதியில் ஒற்றைச் சமக்குறியை நிபந்தனையாக இட்டுவிட்டால் என்ன ஆகும்? அவ்வரியைக் கடக்கும் ஒவ்வொரு சீட்டின் எண்ணும் 417 ஆக மாற்றப்படும். விடை சுழியன்று ஆகலின் நிரல் ஒவ்வொரு தடவையும் நிற்கும். பிழையைத் தேட வந்தவரே பிழையை விதைத்தவர் ஆவார்.

இதனினும் நுட்பமானது வேற்றுமைக் குறி. ஃபோர்ட்ரானில் சாய்கோட்டின் பின் சமக்குறி இட்டால் (/=) "ஒத்திராவிட்டால்" என்று பொருள். அதே குறி சி மொழியில் "வகுத்து, வந்த ஈவை அங்கேயே வை" என்று பொருள்படும். எடை 10 அல்லாவிட்டால் நில் என்று கருதி எழுதியது, எடையைப் பத்தால் வகுத்துக்கொண்டே போகும். வெள்ளம் என்றதைக் கேட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சென்றவன், கரையை உடைத்துவிட்டு வந்தாற் போன்றது இது.

ஜிடிபி தானாக மொழியறியும் நிலையில் இருக்குமாயின், நிறுத்தம் வைத்த பகுதி எம்மொழியில் எழுதப்பட்டதோ அம்மொழியிலேயே நிபந்தனையையும் படிக்கும். நாமே ஒரு மொழியைக் கட்டளையிட்டு நிலைப்படுத்திவிட்டாலோ, நிறுத்தம் எம்மொழிப் பகுதியில் இருப்பினும் அது கட்டளைப்படியே படிக்கும். இப்போது எந்த மொழி என்று கேட்டால் அது விடை சொல்லும். கேட்பதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

இரண்டாவது, பின்ன எண்கள். எடை 12.1 கிலோ என்பதை ஃபோர்ட்ரான் பகுதி நான்கு பைட்டில் வைத்திருக்கும். நிபந்தனையில் நாம் எழுதும் 12.1ஐச் சி மொழி எட்டுப் பைட்டில் கொள்ளும். இரண்டும் 12.1 என்னும் எண்ணின் தோராயங்களே. அவை ஒன்றுக்கொன்று இம்மியளவு வேறுபடும். எனவே "எடை 12.1 ஆனால் நில்" என்பது என்றும் நிற்காது. பின்ன எண்ணுக்கு "12.05க்கு மேல், 12.15க்குக் கீழ்" என்று எல்லை வகுத்து எழுதுதலே முறை.

மூன்றாவது, தமிழ் எழுத்து. "கம்பம்" என்னும் ஊர்ப்பெயர் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. பைத்தான் அதனை ஆறு என்று எண்ணும். மெய்யின் புள்ளி அதற்குத் தனிக்குறி. யூடிஎஃப்-8 முறையில் அதே பெயர் சி மொழிக்குச் செல்லும்போது பதினெட்டுப் பைட்டு ஆகும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. "பெயர் பத்துக்கு மேல் நீண்டால் நில்" என்ற ஒரே நிபந்தனை, மேல்மாடியில் பேசாதிருக்கும்; பாலத்தில் நின்றுவிடும். மேலும், சி மொழியில் இரு சொற்களை ஒப்புக்குறியால் ஒப்பிட்டால் எழுத்துகள் ஒப்பிடப்படுவதில்லை. அவை இருக்கும் முகவரிகளே ஒப்பிடப்படும். பழைய கதை மீண்டும் தொடங்கும்.

ஒரு நன்மையும் உண்டு. நிபந்தனையைக் கணிக்கவே இயலாமற் போனால், எடுத்துக்காட்டாகச் சுழியால் வகுக்க நேர்ந்தால், ஜிடிபி நிரலை நிறுத்தி, நிபந்தனையைச் சோதிப்பதில் பிழை நேர்ந்தது என்று அறிவிக்கும். பைத்தானுக்குரிய பிடிபி என்னும் கருவியும், கணிக்கும்போது பிழை எழுந்தால் நின்றே விடும். கூச்சலிடும் பிழையால் பெருந்தீங்கு இல்லை. தவறான பொருளோடு ஒழுங்காக ஓடும் நிபந்தனையே அஞ்சத்தக்கது.

இனிச் சோதிக்கும் முறையைக் கூறுவோம். முதலில் நிபந்தனையின்றி நிறுத்தத்தை வைத்து, முதல் பதினாயிரம் தடவை நில்லாதே என்று ஜிடிபிக்குச் சொல்லி ஓடவிடுக. அவ்வரி எத்தனை தடவை கடக்கப்பட்டது என்பதை அது எண்ணி வைத்திருக்கும். சுழி என்றால், குற்றம் நிபந்தனையில் இல்லை. நிரல் அவ்வழியே வரவேயில்லை. அடுத்து, வந்ததென்று உறுதியாகத் தெரிந்த ஒரு சீட்டின் எண்ணை இட்டு நிற்கின்றதா என்று பார்க்க. பிறகு, இல்லவே இல்லாத ஓர் எண்ணை இட்டு நிற்காமல் போகின்றதா என்று பார்க்க. நிற்க வேண்டிய இடத்தில் நின்றும், நிற்கலாகாத இடத்தில் நில்லாமலும் தன்னை மெய்ப்பித்த நிபந்தனையையே நம்பலாம்.

நின்ற இடத்தில் மூன்றை வினவுக: மாறியின் மதிப்பு என்ன, அதன் வகை என்ன, இங்கு வழங்கும் மொழி எது? வகை முகவரி என்று வந்தால் உடனே விழித்துக்கொள்க. இறுதியாக, நிறுத்தம் வைத்து ஓட்டிய விடையையும் வையாது ஓட்டிய விடையையும் ஒப்பிடுக. இரண்டும் வேறுபட்டால் நம் நிபந்தனையே கணக்கில் கைவைத்துவிட்டதோ என்று முதலில் ஐயுறுக.

இவ்வளவு கவலை வேண்டுமா எனச் சிலர் கேட்கலாம். ஜிடிபியை ஆக்குவோரே இக்கவலையை மேற்கொண்டுள்ளனர். அக்கருவியோடு வரும் சோதனைத் தொகுதியில் நிபந்தனை நிறுத்தங்களைச் சோதிக்கத் தனி நிரல் உண்டு. சி, சி பிளஸ் பிளஸ், ஃபோர்ட்ரான் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்கும் கலப்பு நிரலைச் சோதிக்கவும் ஒன்று உண்டு. கருவி செய்தவரே தம் கருவியைச் சோதிக்கும்போது, அதைக் கையாளும் நாம் நம் நிபந்தனையைச் சோதிக்கலாகாதோ?

எல்லை கடக்கும் எண்ணைப் பொருள் கேளாமல் ஏற்பதால் வரும் கேட்டுக்குப் பெருஞ்சான்று செவ்வாய்க் கோளை நோக்கி அமெரிக்கர் அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் விண்கலம். தரையில் இருந்த ஒரு நிரல் உந்துதலைப் பவுண்டு அளவில் எழுதிக் கொடுத்தது; அதைப் பெற்ற நிரல் நியூட்டன் அளவில் படித்தது. இரண்டிற்கும் வேறுபாடு ஏறத்தாழ நான்கரை மடங்கு. எண்கள் தடையின்றிப் போய் வந்துகொண்டிருந்தன. 1999 செப்டம்பர் 23இல் கலம் இழக்கப்பட்டது. அங்கும் மௌனத்தை நலம் என்று கொண்டனர்.

அன்பர்களே, நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர்கள். வெளியூர் சென்றபின் வேறு மொழிகளும் கற்றவர்கள். ஒரு சொல்லைக் கேட்டவுடன், "இவர் இதனை எம்மொழியில் சொல்கின்றார்?" என்று மனத்துக்குள் வினவும் பழக்கம் அவர்களுக்கு இயல்பாகவே உண்டு. சிலர் அதனை ஒரு குறையெனக் கருதி நாணுவதும் உண்டு. கலப்பு நிரலின்முன் அமரும்போது அப்பழக்கமே கைகொடுக்கும்; அதனைக் கைவிடற்க என்பதே நம் வேண்டுகோள்.

மற்றொன்றும் சொல்லி முடிப்போம். கருவியின் மௌனத்தை வைத்து ஒருவர்மேல் குற்றம் சாட்டுமுன், அக்கருவிக்கு வாய் இருக்கின்றதா என்று சோதிப்பது அறிவு மட்டும் அன்று, அறமும் ஆகும். பதிவு மேசையில் இருந்த அப்பெண்ணுக்கு ஒரு மூத்தவர் கேட்ட ஒரு கேள்வியால் நீதி கிடைத்தது. அத்தகைய மூத்தவர் அருகில் இல்லாத இடங்களிலும் அக்கேள்வியை நம் இளைஞர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாராக.